எசென்ஸ் விழாவுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: டிக்கெட், தங்குமிடம், தயாரிப்பு

நியூ ஆர்லியன்ஸில் ஆண்டுதோறும் ஜூலை 4-ஐ ஒட்டி வரும் வெள்ளி, சனி, ஞாயிறுகளில் எசென்ஸ் விழா நடக்கிறது. கறுப்பின அமெரிக்கர்களின் இசைக்கு இதைவிடப் பெரிய ஒன்றுகூடல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் முதல் முறை போகும் தமிழருக்கு இதைப் பற்றி எடுத்துச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. இணையத்தில் இருப்பதெல்லாம் வருடா வருடம் போகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது மாதிரியே இருக்கும். ஹோட்டல், பை அளவு, எந்த வரிசை இருக்கை, எந்த நடனத்தில் சேரலாம், எதில் சேரக்கூடாது என்று ஒவ்வொன்றையும் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதால் வரிசையாக எழுதுகிறேன்.

1. போஸ்டரில் தெரியாத பெயர்களை முதலில் படியுங்கள்

பெரும்பாலானோர் அறிவிப்பைப் பார்த்ததும் தெரிந்த ஒரு பெயரைத் தேடி, அன்று ஒரு இரவுக்கு மட்டும் டிக்கெட் எடுத்து, அந்த ஒருவர் மேடைக்கு வரும் நேரம் பார்த்து உள்ளே நுழைகிறார்கள். விழாவின் உயிர் அதற்கு முன்னாலேயே பாடி முடித்துப் போயிருக்கும். அமெரிக்காவில் "பிளாக் ஃபேமஸ்" என்று ஒரு பேச்சு உண்டு. கறுப்பின வீடுகளில் பாட்டி முதல் பேத்தி வரை எல்லோருக்கும் தெரிந்த, அதற்கு வெளியே அநேகமாக யாருக்குமே தெரியாத கலைஞர்களை அப்படிச் சொல்வார்கள். நியூ ஜெர்சியில் இளையராஜா கச்சேரி என்றால் அரங்கம் நிரம்பிவிடும், மறுநாள் உங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு அந்தப் பெயரே தெரியாது அல்லவா, கிட்டத்தட்ட அப்படித்தான்.

மேஸ் இசைக்குழுவின் பாடகர் ஃபிராங்கி பெவர்லி இதற்குச் சரியான உதாரணம். அவர்களுடைய பாட்டு 1985-இல் ஆர் அண்ட் பி என்ற கறுப்பின இசை வகையின் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது, பொதுவான பாப் பட்டியலிலோ அவர்கள் முதல் நாற்பதுக்குள் ஒருமுறைகூட வந்ததில்லை. அதே மனிதர்தான் எசென்ஸ் விழாவின் ஞாயிற்றுக்கிழமை இரவைப் பல ஆண்டுகள் பாடி முடித்துவைத்தார். அவர் மேடைக்கு எப்போதும் வெள்ளை உடையும் தொப்பியுமாக வருவார் என்பதால் ரசிகர்களும் வெள்ளையிலேயே வருவார்கள். 2024 ஜூலையில் பிறந்த ஊரான ஃபிலடெல்ஃபியாவில் கடைசியாகப் பாடினார், அந்த செப்டம்பரில் 77 வயதில் காலமானார். அந்த வாரம் என்னுடன் வேலை செய்யும் கறுப்பினத் தோழி ஒருவர், வீட்டில் ஒரு பெரியவர் போனதைப் போல அழுதார். ஃபிராங்கி பெவர்லி யார் என்று அன்று அலுவலகத்தில் கேட்டவர்களே அதிகம்.

டைலர் பெர்ரியின் கதையும் இதுதான். அவருடைய மேடை நாடகங்களுக்குக் கறுப்பின ஊர்களில் வருடக்கணக்காகக் கூட்டம் நிறைந்து வழிந்தது. அவர் எழுதி நடித்த முதல் படம் 2005-இல் வெளியாகி முதல் வார இறுதியிலேயே வசூலில் முதலிடம் பிடித்தபோது, இவர் எங்கிருந்து வந்தார் என்று சினிமா எழுதுகிறவர்கள் திகைத்தார்கள். ஸ்டீவ் ஹார்வியை நமக்குத் தொலைக்காட்சிப் போட்டி நடத்துபவராகத்தான் தெரியும். கறுப்பின நேயர்கள் அவரை அதற்கு வெகுகாலம் முன்பே மேடை நகைச்சுவையிலும் காலை வானொலியிலும் கேட்டு வளர்ந்தவர்கள்.

ஆகவே போஸ்டரில் சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த இரவுக்கு டிக்கெட் எடுப்பது என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

2. டிக்கெட்டுக்கு முன்னால் ஹோட்டல்

வரிசை தலைகீழாகத் தோன்றும், ஆனால் இதுதான் சரி. யார் யார் பாடுகிறார்கள் என்பதை வசந்த காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியிடுவார்கள். அதுவரை காத்திருந்தால் நகர நடுவில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். ஜூலை மாதம் நியூ ஆர்லியன்ஸில் வெயிலுக்குப் பயந்து ஆட்கள் வராத மாதம், அதனால் மற்ற வாரங்களில் அறை மலிவு. இந்த ஒரு வார இறுதி மட்டும் அந்தக் கணக்கில் சேராது. தேதி தெரிந்ததுமே, ஜனவரி அல்லது பிப்ரவரியில், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் விலையில் அறையைப் பிடித்துவிடுங்கள்.

பாய்ட்ராஸ் தெருவை ஒட்டி, இரவுக் கச்சேரி நடக்கும் சூப்பர்டோம் அரங்கத்துக்கும் பகல் நிகழ்ச்சிகள் நடக்கும் மாநாட்டு மையத்துக்கும் நடுவில் இருப்பது சிறந்தது. இரண்டுக்கும் இடையே ஒன்றரை மைல்தான், நடந்துவிடலாம். விலை கட்டுப்படவில்லை என்றால் மெட்டைரி, கென்னர் புறநகர்ப் பக்கம் பாருங்கள், ஆனால் நள்ளிரவுக்கு மேல் வாடகைக் காருக்கு ஆகும் செலவையும் அதோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை சில. பல ஹோட்டல்கள் இந்த வார இறுதிக்குக் குறைந்தது மூன்று இரவு எடுக்கச் சொல்லும். வரி தனி. காரில் போனால் நகர நடுவில் ஒரு இரவு நிறுத்த 40 முதல் 60 டாலர் வரை ஆகும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அப்புறம், படிக்க வந்திருக்கும் மாணவர்கள் டெபிட் கார்டோடு போனால் ஹோட்டல் முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைக்கும், அது உங்கள் கணக்குக்குத் திரும்பப் பல நாள் ஆகலாம். கையில் இருக்கும் பணமே அதுதான் என்றால் பயணம் முழுக்கச் சிரமம். கிரெடிட் கார்டு இருக்கும் நண்பர் பெயரில் அறை எடுப்பது நல்லது. இடைத்தரகர் தளத்தில் மலிவாகத் தெரிந்தாலும் ஹோட்டலின் சொந்தத் தளத்திலேயே பதிவு செய்யுங்கள். ஏதாவது குளறுபடி ஆனால் "அவர்களைக் கேளுங்கள்" என்று இருவரும் மாறி மாறிக் கைகாட்டுவார்கள்.

3. டிக்கெட்

பகல் நிகழ்ச்சிகள் எர்னஸ்ட் மோரியல் மாநாட்டு மையத்தில், பெரும்பாலும் இலவசம், இணையத்தில் பெயர் பதிந்துகொண்டால் போதும். பணம் கட்டவேண்டியது சூப்பர்டோமில் நடக்கும் இரவுக் கச்சேரிகளுக்கு மட்டும். மூன்று இரவுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் உண்டு, ஒரு இரவுக்குத் தனியாகவும் உண்டு. தனி இரவு டிக்கெட்டுகள் வழக்கமாகக் கொஞ்சம் பின்னால்தான் விற்பனைக்கு வரும். இரண்டு இரவு போவதாக இருந்தாலே மூன்று இரவு டிக்கெட்டின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பல சமயம் வித்தியாசம் சொற்பமாக இருக்கும்.

விழாவின் அதிகாரப்பூர்வத் தளம் காட்டும் இடத்தில் மட்டும் வாங்குங்கள். 2025 மே முதல் அமெரிக்காவில் டிக்கெட் விற்பவர்கள் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பது விதி. முதலில் ஒரு விலை, கடைசித் திரையில் வேறு விலை என்று ஒரு தளம் காட்டினால் மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இருக்கை பற்றி. சூப்பர்டோம் அமெரிக்கக் கால்பந்து மைதானம், எழுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். 600-களில் எண் தொடங்கும் டெரஸ் வரிசைகள் கூரையை ஒட்டியவை. விலை குறைவு, ஆனால் ஒலி எதிரொலித்துக் குழம்பும், மேடையைத் திரையில்தான் பார்க்க முடியும். நடுத்தரைப் பகுதி விலை அதிகம், முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றால் நீங்களும் ஐந்து மணி நேரம் நின்றாக வேண்டும். என் சிபாரிசு 100-களில் பக்கவாட்டு இருக்கை. மேடைக்குப் பின்பக்கம் போய்விடாமல் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எடுங்கள். அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் வரிசையின் ஓரத்து இருக்கையாகப் பாருங்கள்.

பாடகர் வரவில்லை என்பதற்காகப் பணம் திரும்பக் கிடைக்காது, பட்டியல் மாறலாம் என்று டிக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். அதனாலும்தான் ஒரே ஒருவரை நம்பி எடுக்காதீர்கள் என்கிறேன்.

4. ஆவணங்கள்

அமெரிக்காவுக்குள்ளேயே இருப்பவர்கள் விமானத்தில் போனால் ரியல் ஐடி என்ற மத்திய அரசுத் தரத்தில் உள்ள ஓட்டுநர் உரிமம் வேண்டும், 2025 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அது இல்லையென்றால் உங்கள் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டே போதும். எச்-1பி, எஃப்-1 எதுவாக இருந்தாலும் நாட்டுக்குள் வந்ததைப் பதிவு செய்யும் ஐ-94 தாளின் அச்சுப் பிரதி ஒன்றைக் கூடவே வைத்திருங்கள். 18 வயது நிரம்பிய, குடியுரிமை இல்லாதவர்கள் இப்படியான பதிவுச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மது வாங்க 21 வயதுக்கான அடையாளம் கேட்பார்கள்.

கனடாக் குடியுரிமை உள்ளவர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் கனடாவில் நிரந்தர வதிவிடம் மட்டும் வைத்துக்கொண்டு இலங்கை அல்லது இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணிப்பவர்களுக்குப் பார்வையாளர் விசா கட்டாயம். டொரொன்டோவிலிருந்து கூட்டமாகக் கிளம்பும்போது ஒருவருக்காவது இந்தச் சிக்கல் வரும், ஹோட்டலுக்கு முன்பே எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பார்த்துவிடுங்கள். பிரிட்டன், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நார்வே பாஸ்போர்ட் என்றால் விசாவுக்குப் பதிலாக இணையத்தில் வாங்கும் எஸ்டா அனுமதி போதும், சுமார் 40 டாலர். அமெரிக்க அரசுத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், அதே தோற்றத்தில் இருமடங்கு வாங்கும் தளங்கள் தேடலில் மேலே வரும். குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள், நான் ஒரு மாதம் முன்பே என்பேன். இந்தியாவிலிருந்து நேரே வருகிறவர்களுக்கு விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், நேர்காணல் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம், எனவே இந்த ஆண்டு நினைத்தால் அடுத்த ஆண்டு விழாவுக்குத்தான் சரிப்படும்.

5. போய்ச் சேர்வது

ஹூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் சுமார் 350 மைல், நிறுத்தி நிறுத்திப் போனால் ஆறு மணி நேரம். வியாழக்கிழமையே கிளம்புங்கள், வெள்ளி மாலை பேட்டன் ரூஜ் பாலத்தில் வண்டிகள் நகராது. 25 வயதுக்குக் குறைந்தவர்கள் தாங்களே ஓட்ட வாடகைக்குக் கார் எடுத்தால் நிறுவனங்கள் தினமும் கூடுதல் கட்டணம் வாங்கும்.

ரயில் பலருக்கு நினைவுக்கே வராது. சிகாகோவிலிருந்தும், நியூயார்க்கிலிருந்து அட்லாண்டா வழியாகவும் தினமும் ரயில் உண்டு, ஹூஸ்டன் வழியாக வாரத்தில் மூன்று நாள் மட்டும். நியூ ஆர்லியன்ஸ் நிலையத்திலிருந்து சூப்பர்டோம் நடக்கும் தூரம்தான்.

விமான நிலையத்திலிருந்து நகர நடுவுக்கு டாக்சி இரண்டு பேர் வரை 36 டாலர், நிலையான கட்டணம். நகருக்குள் டிராம், பஸ் 1.25 டாலர், நாள் முழுக்கச் செல்லும் சீட்டு 3 டாலர்.

டிக்கெட் நீங்கலாக, இரண்டு பேர் மூன்று இரவுக்கு ஹூஸ்டனிலிருந்து காரில் போவதாக இருந்தால் ஹோட்டல், வரி, வண்டி நிறுத்தம், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,400 முதல் 1,700 டாலர் வரை ஒதுக்கி வையுங்கள். நான்கு பேர் ஒரு அறையில் தங்கினால் சாப்பாடு தவிர மற்ற செலவு தலைக்குப் பாதியாகக் குறையும்.

6. ஒரு மாதம் பாட்டுக் கேளுங்கள்

இதைத் தவறவிடாதீர்கள். அரங்கில் பல்லாயிரம் பேர் சேர்ந்து பாடும்போது ஒரு வரிகூடத் தெரியாமல் நிற்பது வருத்தமான அனுபவம், பணமும் பாதி வீண்.

காரில் போகும்போது ஆர் அண்ட் பி வானொலியை வையுங்கள். ஹூஸ்டனில் மேஜிக் 102.1, நியூ ஆர்லியன்ஸில் டபிள்யூ.ஒய்.எல்.டி. 98.5, இரண்டையும் இணையத்திலும் கேட்கலாம். இரண்டு வாரம் கேட்டாலே திரும்பத் திரும்ப வரும் குரல்கள் அடையாளம் தெரிந்துவிடும். சார்லி வில்சன் அப்படி ஒரு குரல். அவரும் சகோதரர்களும் சேர்ந்து தொடங்கிய கேப் பேண்ட் குழுவின் பெயர் டல்சா நகரின் கிரீன்வுட், ஆர்ச்சர், பைன் என்ற மூன்று தெருக்களின் முதல் எழுத்துகள். 1921-இல் வெள்ளையர் கும்பல் எரித்துத் தரைமட்டமாக்கிய கறுப்பினக் குடியிருப்பின் தெருக்கள் அவை. குடும்ப விசேஷங்களில் ஆட வைக்கும் பாட்டுகளைத் தந்த குழு அந்தப் பெயரை உலகம் முழுக்கச் சுமந்துகொண்டு போயிருக்கிறது. இது தெரிந்து கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

மேஸ் குழுவின் "பிஃபோர் ஐ லெட் கோ" மனப்பாடமாகத் தெரிய வேண்டும். கல்யாணம், பட்டமளிப்பு, பூங்காவில் நடக்கும் குடும்ப விருந்து என்று எங்கும் இது இல்லாமல் நாள் முடியாது. பியான்சே 2019-இல் இதைப் பாடியிருக்கிறார், முதலில் மூலத்தைக் கேளுங்கள்.

அப்புறம் வரிசை நடனங்கள். எலெக்ட்ரிக் ஸ்லைடு, கியூபிட் ஷஃபிள் இரண்டையும் யூடியூப் பார்த்து வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். கியூபிட் ஷஃபிளைப் பாடிய கியூபிட் லூசியானாவின் லஃபாயெட் ஊர்க்காரர், அங்கே அது சொந்த ஊர்ப் பாட்டு. 2025-இல் பரவிய "பூட்ஸ் ஆன் தி கிரவுண்ட்" நடனத்துக்குப் பெரிய மடக்கு விசிறியை ஒரே நேரத்தில் படாரென்று விரிப்பார்கள். விசிறி இருந்தால் ஆட்டத்துக்கும் ஆகும், ஜூலை வெயிலுக்கும் ஆகும்.

7. பகல்

மாநாட்டு மையம் காலை திறந்ததும் போய்விடுங்கள், மதியம் வரிசை வாசலுக்கு வெளியே வெயிலில் நிற்கும். வெப்பம் 33 டிகிரியைத் தாண்டும், காற்றில் ஈரம் சென்னையின் மே மாதத்தைப் போல, மாலையில் இடி மழை சகஜம். உள்ளே கறுப்பினத் தொழில்முனைவோர் கடைகள், பேச்சு அரங்குகள், சமையல் மேடை எல்லாம் உண்டு. ஞாயிறு காலை நற்செய்திப் பாடல் இருந்தால் அதை விடாதீர்கள். கிறிஸ்தவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரவில் கேட்கப்போகும் குரல்கள் பலவும் சர்ச்சில் பழகியவைதான் என்பது அங்கே பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

8. இரவு

பை விதி கறாரானது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை 12 அங்குலத்துக்கு 12, பக்கம் 6 அங்குலத்துக்கு மேல் கூடாது. அது இல்லாமல் உள்ளங்கை அளவு கைப்பை ஒன்று மட்டும் விடுவார்கள். வாசலில் திருப்பி அனுப்பினால் ஹோட்டல்வரை நடந்துபோய் வைத்துவிட்டுத்தான் வரவேண்டும். உள்ளே ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு வேண்டும். டிக்கெட் கைபேசியில்தான், திரையைப் படம் எடுத்து வைத்தால் வேலை செய்யாது, ஏனென்றால் கோடுகள் மாறிக்கொண்டே இருக்கும். ஹோட்டலை விட்டுக் கிளம்பும் முன் கைபேசியின் வாலட்டில் இறக்கிக்கொள்ளுங்கள், வாசல் கூட்டத்தில் இணைப்பு கிடைக்காது.

கச்சேரி ஏழு மணிவாக்கில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும். ஆறரைக்கு உள்ளே இருங்கள். ஏசி குளிர் கடுமை, சால்வை அவசியம். சில ஆண்டுகளில் பெரிய மேடையைத் தவிர அரங்கத்துக்குள்ளேயே சின்னக் கூடங்களிலும் பாடுவார்கள். அப்படி இருந்தால் ஒரு மணி நேரமாவது அங்கே போய் நில்லுங்கள், நீங்கள் எழுதி வைத்த பட்டியலில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள், பாடகரின் முகத்தை அருகில் பார்க்கலாம்.

ஞாயிறு இரவுக்கு வெள்ளை உடை எடுத்துப் போங்கள். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், ஃபிராங்கிக்காக அணிகிறோம் என்று உடுத்தினால் பக்கத்து இருக்கை அம்மா அதைக் கவனித்து உங்களோடு பேசத் தொடங்குவார்.

9. விருந்தாளியாக நடந்துகொள்ள

"லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்" ஒலித்தால் எழுந்து நில்லுங்கள். 1900-இல் எழுதப்பட்டது, கறுப்பின மக்களின் தேசிய கீதமாகவே மதிக்கிறார்கள்.

பாட்டில் இனவசைச் சொல் வந்தால் எல்லோரும் பாடினாலும் நீங்கள் வாய்மூடிக்கொள்ளுங்கள். இதில் விதிவிலக்கு கிடையாது, நெருங்கிய நண்பர் கூட இருந்தாலும் கிடையாது. நம் தோல் நிறத்தைக் காட்டி நாமும் கறுப்புதானே என்று வாதாடாதீர்கள். யாருடைய தலைமுடியையும் தொட்டுப் பார்க்கக் கேட்காதீர்கள், அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம் புதியவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரே நிற உடையில் பெண்கள் வரிசையாக ஆடிக்கொண்டு கூட்டத்தை வளைத்துப் போவார்கள். இளஞ்சிவப்பும் பச்சையும் என்றால் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, கருஞ்சிவப்பும் க்ரீம் நிறமும் என்றால் டெல்டா சிக்மா தீட்டா. ஒன்பது கறுப்பினக் கல்லூரிச் சங்கங்களில் இரண்டு இவை, உறுப்பினராவது வாழ்நாள் பந்தம். அந்த வரிசையில் சேரக்கூடாது, அவர்களுடைய குரல் அழைப்பையும் கைச் சைகையையும் திருப்பிச் செய்யக்கூடாது. நின்று பார்த்துக் கைதட்டலாம். எலெக்ட்ரிக் ஸ்லைடு தொடங்கினால் தாராளமாகப் போய்ச் சேருங்கள், கால் தப்பினால் பக்கத்தில் இருப்பவரே கையைப் பிடித்துத் திருப்பிவிடுவார்.

10. சாப்பாடு

சைவம் சாப்பிடுபவர்கள் ஜாக்கிரதை. சிவப்பு பீன்ஸும் சோறும் பார்க்கச் சைவம், பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்டுத்தான் வேகவைப்பார்கள். கீரையும் அப்படியே. வெண்டைக்காய் போட்ட கம்போ என்ற குழம்பிலும் இறால் அல்லது சாசேஜ் இருக்கும். "இறைச்சி உண்டா" என்று மட்டும் கேட்டால் போதாது, எந்தச் சாற்றில் வேகவைத்தது என்று கேளுங்கள். அசைவம் சாப்பிடுபவர்கள் ட்ரெமே பகுதியில் 1941 முதல் நடக்கும் டூக்கி சேஸ் உணவகத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு போங்கள், அந்த வார இறுதிக்குச் சில வாரம் முன்னால் செய்தால்தான் இடம் கிடைக்கும்.

11. திரும்புவது

ஞாயிறு நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகியிருக்கும். வாடகைக் கார் விலை அந்த நேரத்தில் இரண்டு மூன்று மடங்கு, பாய்ட்ராஸ் தெரு வழியாகக் கூட்டத்தோடு கூட்டமாக நடப்பதே நல்லது, இருட்டுச் சந்துகளைத் தவிருங்கள். திங்கள் காலை விமானம் எடுக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனை வரிசை நீளமாக இருக்கும். மதியம் இரண்டுக்கு மேல் பாருங்கள். புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்கிவிடுவதால் மாற்றிக்கொள்ளக்கூடிய விமான டிக்கெட்டாக இருக்கட்டும். காரில் வந்தவர்கள் ஹோட்டலில் பிற்பகல் ஒரு மணி வரை இருக்க அனுமதி கேளுங்கள், சனிக்கிழமையே கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். தூங்கி எழுந்து வண்டியை எடுங்கள்.